வாசலோரம் வைத்த பெட்டி

தோலெகென் வேலைக்கு மட்டம் போடுகிற ஆளில்லை. காய்ச்சலோடு சுரங்கத்தில் இறங்கியிருக்கிறார், பல்வலியோடும் இறங்கியிருக்கிறார். அப்படிப்பட்டவர் தாழ்ந்த சுருதிச் சத்தத்துக்கென்றே இருக்கும் சப்வூஃபர் என்ற ஒலிப்பெட்டியைப் பொருத்துவதற்காக வியாழக்கிழமை ஷிஃப்டை இன்னொருவனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று தெரிந்ததும் ரௌஷான் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனையே பார்த்தாள்.

"எனக்குப் பிரசவ வலி எடுத்தப்பக்கூட ஷிஃப்ட முடிச்சிட்டுத்தான் வந்தீங்க. இந்தக் கறுப்புப் பொட்டிக்கு இருக்கிற யோகம் எனக்கில்ல."

"அக்மரால்கிட்ட சொல்லிடாத," என்றார் அவர், மாடியில் இருக்கும் தம்பி மனைவியை மனதில் வைத்து.

"நான் எதுக்குச் சொல்றேன்? வேலை முடிஞ்சதும் நீங்களே கூப்பிட்டுக் காட்டுங்க." கேலியாகத்தான் ஆரம்பித்தாள், ஆனால் பாதியில் குரல் இறங்கிவிட்டது. கம்பளிச் சால்வையைச் சுற்றிக்கொண்டு ரொட்டிக் கடை வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

அந்தப் பெட்டி எதற்கு வந்தது என்று ரௌஷானுக்குத் தெரியும். தோலெகெனின் தம்பி செர்ஜானுக்காக வந்தது. செர்ஜான் இறந்து ஒரு வருஷம் முடிந்திருந்தது.

செர்ஜான் சுரங்கத்தில் மின்சார வேலை பார்த்தவன். ஆனால் அவன் உயிர் இருந்தது கல்யாண வீடுகளில் வாசிக்கிற பேஸ் கிடாரில். பாட்டுக்காரியும் அக்கார்டியன்காரனும் முன்னால் நின்று பெயர் வாங்கிக்கொண்டு போக, இவன் பின்சுவரில் சாய்ந்தபடி நாலு தடித்த தந்திகளைத் தட்டிக்கொண்டிருப்பான். "நான் வாசிக்கிறது எவனுக்கும் கேக்காது. நிறுத்திட்டா மட்டும் எல்லாப் பயலும் திரும்பிப் பாப்பான்" என்று சிரிப்பான். சுரங்கத்துக்கே விளக்கு எரிய வைத்தவன் தன் வீட்டு அழைப்பு மணியை மட்டும் கடைசிவரை பழுது பார்க்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வந்தால் முஷ்டியின் பக்கவாட்டால் கதவில் இடிப்பான். இரண்டு இடி, கொஞ்சம் நிறுத்தி இன்னொரு இடி. அவன் வீடு மூன்றாம் மாடி, தோலெகென் வீடு நேர் கீழே. அந்த இடி கூரை வழியாக இறங்கி வரும். அதைக் கேட்ட பிறகுதான் அண்ணனுக்குத் தூக்கம் பிடிக்கும்.

போன குளிர்காலத்தில் சுரங்கத்தில் வாயு வெடித்தது. சங்கு ஊதியது பிறகுதான். முதலில் அலமாரிக்குள் கிண்ணங்கள் நடுங்கின. பெண்கள் போட்டிருந்த துணியோடு படியிறங்கிச் சுரங்க வாசலுக்கு ஓடினார்கள். அன்று மேலே வராதவர்களில் செர்ஜானும் ஒருவன்.

துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பாட்டு கூடாது. செய்தி கேட்கக்கூட டிவியை முணுமுணுக்க விட்டுத்தான் கேட்டார்கள். வருஷம் திரும்பியதும் குதிரை அடித்து ஊருக்கெல்லாம் சோறு போட்டு, ஓத வேண்டியதை ஓதி முடித்தார்கள். விருந்தாளிகள் கலைந்த பிறகு, தரைத்தளத்து ஜெர்மன்காரர் விக்டர் பழைய கல்யாண வீடியோ ஒன்றைக் கொண்டுவந்து, "அவன் முகத்தை ஒரு தடவை பாத்துருவோம்" என்றார். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

டிவியின் மெல்லிய ஒலிப்பெட்டிகளில் பாட்டுக்காரி கேட்டாள், அக்கார்டியன் கேட்டது, எவனோ தட்டு உடைத்ததுகூடக் கேட்டது. செர்ஜான் மட்டும் கேட்கவில்லை. விரல்கள் ஓடின, சத்தம் வரவில்லை. பாட்டு முடிந்து எல்லாரும் கருவிகளை இறக்கிய பிறகும் அவன் வலது கை மட்டும் கடைசித் தந்தியில் இன்னும் சில தடவை அசைந்தது. கேமராவுக்கு வெளியே யாரையோ பார்த்துச் சிரித்தான்.

அவன் மனைவி அக்மரால் கதவோரம் உட்கார்ந்திருந்தாள். மூத்தாரின், அதாவது புருஷனுடைய அண்ணனின் வீட்டில் இளைய மருமகளின் இடம் அதுதான்.

"என்னைப் பாத்துத்தான் சிரிக்கிறார்," என்றாள் மெதுவாக. "பாட்டு முடிஞ்சதும் உன்னைக் கூப்பிடுறேன், காது குடுத்துக் கேளுன்னு சொல்லுவார். அந்தக் கூச்சல்ல ஒரு நாளும் எனக்குக் கேட்டதில்ல. சும்மா அளக்குறீங்கன்னு சண்டை போடுவேன். இப்பவும் கேக்கலையே."

அக்மரால் வருகிற ஞாயிற்றுக்கிழமை ரயிலில் பாவ்லதாரில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்குப் போகப் போகிறாள். வருஷம் முடிந்துவிட்டது, இனி அவளை இரு என்று சொல்ல யாருக்கும் பாத்தியதை இல்லை. தோலெகென் சொல்லவும் மாட்டார். ஆனால் அவள் அந்த ரயிலில் ஏறுவதற்கு முன்னால், செர்ஜான் கடைசியாகத் தட்டியது என்னவென்று அவள் காதில் விழ வைத்துவிட வேண்டும். அதற்காகத்தான் கரகண்டாவுக்குப் பேருந்து பிடித்துப் போய் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

வியாழக்கிழமை காலை வீட்டில் அவர் தனியாக இருந்தார். பெட்டியை எங்கே வைப்பது என்று அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. கதவுக்கு நேரெதிர்ச் சுவரில், சுவர்க் கம்பளத்துக்குக் கீழே, மூத்த விருந்தாளியை உட்கார வைக்கிற மேலிடத்தில் வைத்தார். தம்பி வீட்டுக்கு வருகிறான், அவனை வேறெங்கே உட்கார வைப்பது? உலகத்தில் எந்தக் கடைக்காரனும் இந்தக் கணக்குப் போட்டுப் பெட்டி வைத்திருக்க மாட்டான்.

பெட்டியோடு ஒரு துண்டுத்தாள் வந்திருந்தது. "நீங்கள் உட்காரும் இடத்தில் முதலில் பெட்டியை வையுங்கள். தாழ்ந்த சத்தமுள்ள பாட்டைப் போட்டுவிட்டு அறை முழுக்கத் தவழ்ந்து போங்கள். சத்தம் எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை மாற்றி வையுங்கள்" என்று எழுதியிருந்தது. தோலெகென் மூக்கால் சிரித்தார். பேரன் எடுக்கிற வயசில் சொந்த வீட்டில் தவழ வேண்டுமாம். தாளை மடித்து ஜன்னலோரம் வைத்தார். பூமிக்கு அடியில் தாழ்ந்த சுரங்கப் பாதைகளில் பாதி வாழ்க்கையைத் தவழ்ந்தே கழித்த மனிதர் அவர். அதையெல்லாம் யார் பார்த்தார்கள் என்பதுதான் விஷயம்.

ஒயர்களைச் சொருகினார். பெட்டியின் முதுகில் இரண்டு திருகுகளும் ஒரு விசையும் இருந்தன. ஒரு திருகு சத்தத்தைக் கூட்ட. இன்னொன்று எந்தச் சத்தம்வரை மேலே ஏறிப் பெட்டி பாட வேண்டும் என்பதற்கு. விசை எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. வீடியோவைப் போட்டுவிட்டு அறை நடுவிலிருந்த சோபாவில் உட்கார்ந்தார்.

ஒன்றும் வரவில்லை. எங்கோ பக்கத்துத் தெருவில் லாரி போவது போல ஒரு முனகல், அவ்வளவுதான். எழுந்து போய்த் திருகினார், வந்து உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்து போய்த் திருகினார். கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று திட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். இங்கே பாவம், பெட்டி நன்றாகத்தான் ஆடியது, கோணல் கூடத்தில்தான் இருந்தது. தாழ்ந்த சத்தம் சுவர்களில் மோதித் திரும்பும்போது, அறையின் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், சுவரோரங்களில் குவிந்து நிற்கும். அவர் சோபா போட்டிருந்தது சரியாக அந்த அழிகிற இடத்தில். அவர் காதில் விழாத சத்தமெல்லாம் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அது காங்கிரீட் பலகைகளை அடுக்கிக் கட்டிய கட்டிடம். கீழே தும்மினால் மேலே வாழ்த்துவார்கள்.

தாளில் சோதனைச் சத்தம் ஒன்றைப் பற்றியும் எழுதியிருந்தது. காதுக்கு எட்டாத அடியில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏறும். தோலெகென் திருகைக் கடைசிவரை திருகிவிட்டு அதைப் போட்டார். சோபாவில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

முதலில் சமையலறையில் ஏதோ கிணுகிணுத்தது. குழாயைச் சரியாக மூடவில்லையோ என்று நினைத்தார். அப்புறம் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. அப்புறம் மேலே ஒரு கதவு படாரென்று திறந்தது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. படியில் காலடிகள் உருண்டன. ஒரு பெண் அலறிக்கொண்டே இறங்கினாள்.

"தோலெகென்! ஐயோ, தோலெகென் கீழ இருக்கார்!"

அந்தக் குரல் அக்மராலுடையது.

மூத்தாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. கல்யாணமாகி வந்த நாளில் அவள் அவருக்கு "அமைதி அத்தான்" என்று பட்டப்பெயர் வைத்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது தவறியதில்லை. வியாழக்கிழமை காலை அவர் நிலத்துக்கு அடியில் இருப்பார் என்று அவளுக்குத் தெரியும். ஷிஃப்ட் மாற்றியதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னவர் அவரேதான்.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். வீட்டுக் கவுனுக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒரு காலில் பூட்ஸும் இன்னொரு காலில் வெறும் காலுறையுமாக அவள் எதிரே நின்றாள். அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் அறைக்குள்ளிருந்து இன்னும் ஏறிக்கொண்டிருந்த உறுமலைக் கேட்டாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பொட்டிம்மா," என்றார். "நான்தான். பொட்டி."

உள்ளே போய் ஒயரைப் பிடுங்கினார். ஆனால் மற்ற பெண்கள் அதற்குள் முற்றத்தைத் தாண்டியிருந்தார்கள். வீட்டுச் செருப்போடு பனியில் அவர்கள் பின்னால் ஓடினார். "நில்லுங்க! சுரங்கத்துல ஒண்ணுமில்ல! எங்க வீட்டுப் பொட்டி!"

அவர்கள் நின்றார்கள். நாலாம் மாடி தமாராவின் புருஷன் அன்று காலை ஷிஃப்டில் இருந்தான். அவள் மட்டும் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் சுரங்க அலுவலகத்து ஆள் பதில் சொல்லும்வரை அசையாமல் நின்றாள். பதில் வந்ததும் போனைக் கோட்டுப் பையில் போட்டாள். தன்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று தோலெகென் நினைத்தார். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பார். அவள் அவர் செருப்பைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போ தோலெகென். கால் வெறச்சுடும்," என்று மட்டும் சொன்னாள்.

அடித்திருந்தால் தேவலை.

சாயங்காலம் ரௌஷான் வருவதற்குள் தெருமுனையிலேயே விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது. கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? வருஷம் பூரா வாயத் தொறக்காத மனுஷன், தொறந்ததுதான் தொறந்தீங்க, தெருவையே ஓட வச்சிட்டீங்க. அந்தப் பொண்ணு ஒத்தக் காலு பூட்ஸோட ஓடியிருக்கா. போன வருஷமும் அப்படித்தான் ஓடினா, ஞாபகம் இருக்கா?"

அவர் பெட்டியை அட்டைக்குள் திரும்ப வைத்து, நாடா ஒட்டிக்கொண்டிருந்தார். நாடா கோணலாக ஒட்டியது, பிய்த்து மறுபடி ஒட்டினார், மறுபடியும் கோணல். ரௌஷான் அதைப் பார்த்தாள். மேற்கொண்டு திட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அக்மரால் படியிறங்கி வந்தாள். கையில் ஒரு தட்டு நிறைய எண்ணெயில் பொரித்த ரொட்டி. இறந்தவருக்காக வெள்ளிக்கிழமை பொரிக்கிற ரொட்டி அது. எண்ணெய் வாசனை செர்ஜானுக்குப் போகும், ரொட்டி அக்கம்பக்கத்துக்குப் போகும். தட்டை வைத்துவிட்டுக் கதவோரத்தில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அட்டைப் பெட்டியைப் பார்த்தாள்.

"அமைதி அத்தான்," என்றாள். நேற்றுப் படியில் விழுந்த பெயரை அவள் அப்படித்தான் எடுத்து மூடினாள். "அதுல அவர் கேட்டாரா?"

"கேக்கலம்மா. ஊரெல்லாம் அதிருது, உக்கார்ற எடத்துல ஒண்ணுமில்ல. அது உருப்படாத பொட்டி."

ஜன்னலோரம் கிடந்த தாளை அவள் எடுத்துப் பிரித்தாள். நிதானமாகப் படித்தாள்.

"இதுல தவழச் சொல்லியிருக்கே."

"சொல்லியிருக்கு."

"தவழ்ந்தீங்களா?"

தோலெகென் தேநீரைப் பார்த்தார். சமையலறையிலிருந்து ரௌஷான் எட்டிப் பார்த்து, "இவரா? மெக்கா பக்கம் தவிர வேற எந்தப் பக்கமும் குனியாத முதுகு அது," என்றாள்.

அக்மரால் எழுந்தாள். உட்கார்ந்திருந்த சின்ன முக்காலியைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் கொண்டுபோய், சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு, அதில் முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள். மூத்தாருக்கு முதுகு காட்டி உட்காருவதும் தப்புதான். ஆனால் அவர் தவழ்வதைப் பார்ப்பது அதைவிடப் பெரிய தப்பு.

"நான் சுவரப் பாத்துக்கிறேன்," என்றாள்.

தோலெகென் அட்டைப் பெட்டிவரை போய் நின்றார். ஆனால் நேற்றைய பனி இன்னும் அவர் காலில் இருந்தது. "தமாரா இருக்கா. மத்தவங்க இருக்காங்க. இன்னொரு தடவை நான் செய்யமாட்டேன்."

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன்," என்று ரௌஷான் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். திரும்பி வந்தபோது தமாராவின் பதிலைக் கொண்டுவந்தாள். "ஷிஃப்ட் மாறி, எல்லாரும் மேல வந்துட்டாங்கன்னு தெரிஞ்ச பிறகு போடணுமாம். அவ புருஷன் வந்ததும் நம்ம தண்ணிக் குழாயத் தட்டிச் சொல்லுவாளாம். அடுத்தவங்க இறங்குறதுக்குள்ள முடிச்சிடணும்."

மதியம்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள். ஆறிப்போன தேநீரை ரௌஷான் திரும்பத் திரும்பச் சூடாக்கினாள். குழாயில் கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்டதும் தோலெகென் பெட்டியை அட்டையிலிருந்து எடுத்துச் சோபாவின் மேல், உட்காருகிற இடத்தில் வைத்தார். திருகைக் கொஞ்சமாகத் திறந்தார். தம்பி வாசித்த பாட்டைப் போட்டார். அப்புறம் முழங்காலை ஊன்றிக் கைகளைக் கம்பளத்தில் வைத்தார்.

மேலிடத்துச் சுவரோரம் சத்தம் பீப்பாய்க்குள் உருள்வது போலக் குழம்பியது. ஜன்னல் மூலையில் எல்லா அடியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அலமாரிக்கு முன்னால் கிண்ணங்கள்தான் கேட்டன. அறை நடுவில் தம்பி மறைந்தே போனான். அவர் மூச்சிரைக்கத் தவழ்ந்தார். ரௌஷான் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அக்மராலின் முதுகு அசையவில்லை. கதவை நெருங்க நெருங்க அடிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து வந்தன. செருப்புகளும் பூட்ஸுகளும் கிடக்கிற மூலையில் தலையைத் தாழ்த்தியபோது, தந்தி அதிர்ந்து அடங்குவதுவரை கேட்டது. தம்பி பக்கத்தில் நின்று வாசிக்கிறான். தோலெகென் பூட்ஸுகளுக்கு நடுவே கன்னத்தைக் கம்பளத்தில் வைத்துக் கேட்டார், ஆனால் பாட்டு முடியும் முன்பே எழுந்துவிட்டார். கடைசியை அவர் முதலில் கேட்கக் கூடாது.

"இங்கதான்," என்றார்.

அக்மரால் திரும்பாமலே குரல் வந்த திசையைப் புரிந்துகொண்டாள். "என் எடமா?"

"உன் எடம்தான்மா. நான்தான் அவனை மேல கொண்டுபோய் வச்சேன். அவன் என்னைக்கு மேல உக்காந்தான்? எந்த வீட்டுக்குப் போனாலும் உன் பக்கத்துல கதவோரம்தான் வந்து குந்துவான்."

பூட்ஸுகளை ஒதுக்கிப் பெட்டியை அங்கே வைத்தார்கள். அக்மராலைச் சோபாவில் உட்காரச் சொன்னார். மூத்தார் நிற்க அவள் உட்கார மறுத்தாள். ரௌஷான் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். தோலெகென் பெட்டியின் பின்னால் குந்திக்கொண்டு, திருகைச் சுழியத்திலிருந்து மயிரிழை மயிரிழையாகத் திறந்தார்.

"பத்தல," என்றாள். "இன்னும். ம். போதும். இல்ல, கொஞ்சம் கொறைங்க. இப்ப பொட்டி தெரியல. அவர் கையிலேருந்தே வருது."

அந்தப் புரியாத விசையையும் தட்டிப் பார்த்தார். "ஐயோ, மெலிஞ்சு போயிட்டார்," என்றாள் உடனே. பழையபடி தட்டினார். "வந்துட்டார்."

தோலெகென் எழுந்து வந்து ரௌஷானுக்குப் பக்கத்தில் நின்றார். வீடியோவை முதலிலிருந்து போட்டார்கள். பாட்டுக்காரி பாடினாள், அக்கார்டியன் இழுத்தது, எவனோ தட்டு உடைத்தான். அதற்கெல்லாம் அடியில், தரை தன் பாட்டுக்கு நடப்பது போல, செர்ஜான் வாசித்துக்கொண்டு வந்தான். பாட்டு முடிந்தது. எல்லாரும் கருவிகளை இறக்கினார்கள். அவன் கேமராவுக்கு வெளியே பார்த்துச் சிரித்தான். கடைசித் தந்தியில் அவன் கை விழுந்தது.

இரண்டு இடி. கொஞ்சம் நிறுத்தி, இன்னொரு இடி.

தோலெகென் பழக்க தோஷத்தில் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

அக்மரால் எழுந்தாள். கூப்பிட்ட குரலுக்குப் போகிறவள் போல நேராகக் கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளை நீக்கித் திறந்தாள். படிக்கட்டில் யாருமில்லை. குளிர் உள்ளே வந்தது. மேலே கீழே எந்த வீட்டிலும் வேறு கதவு எதுவும் திறக்கவில்லை. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வருஷம் முழுக்கக் கண்ணீர் விடாத தோலெகென் சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"சண்டை போட்டேனே அக்கா," என்றாள் அக்மரால். "அளக்குறீங்கன்னு சண்டை போட்டேனே. எல்லாக் கல்யாணத்துலயும் கதவத் தட்டிக்கிட்டே இருந்திருக்கார்."

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கதவு கொஞ்சம் தொறந்தே இருக்கட்டும்," என்றாள்.

குளிர்காலத்தில் யாராவது கதவைத் திறந்து போட்டால் ரௌஷான் வீட்டையே இரண்டாக்குவாள். இன்று ஆணியில் தொங்கிய கோட்டை எடுத்து வந்து அக்மராலின் தோளில் போர்த்திவிட்டு, தானும் அவள் பக்கத்தில் நின்றாள்.